ஈசானிப் பாத்தியில் ஒரு பிழை

அர்ச்சுனன் அளத்தில் விளைந்த உப்பை நெருப்பில் போட்டால் அது பேசும். மரக்காணத்தில் மற்ற அளங்களின் உப்பெல்லாம் வெடிப்பதோடு சரி. இது, அளத்தில் நின்று யார் என்ன பேசினார்களோ அதை அவரவர் குரலிலேயே ஒருமுறை சொல்லிவிட்டு அடங்கும். தானே புயல் அடித்ததற்கு அடுத்த கோடையில், ஜுரத்தில் கிடந்த மகனுக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்ட பாக்கியலட்சுமிதான் இதை முதன்முதலில் கேட்டவள். அடுப்புக்குள்ளிருந்து அவள் புருஷன் அர்ச்சுனனின் குரல், "டீ இன்னும் வரலையா?" என்று கேட்டது. அர்ச்சுனன் அப்போது உயிரோடு, வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்ததால் அவள் பயப்படவில்லை. வாசலிலிருந்தும் கேட்கிறார், அடுப்பிலிருந்தும் கேட்கிறாரே என்று எரிச்சல்பட்டு டீ போட்டுக் கொடுத்தாள். அவர் காலமான பிறகும் அதே குரல் அதே கேள்வியைக் கேட்டது. அவளும் "வருது, வருது" என்று அதே எரிச்சலோடு பதில் சொன்னாள். ஒரு விதவைக்கு இதைவிட ஆறுதலான எரிச்சல் அந்தக் கடற்கரையில் வேறு எவளுக்கும் வாய்க்கவில்லை.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. வியாபாரிகள் விவரத்தைக் கேட்டுக்கொண்டு மூட்டைக்குக் கொஞ்சம் குறைத்துக் கேட்டார்கள். அரைத்து அயோடின் கலக்கும்போது பேச்சும் பொடிந்து வெறும் முணுமுணுப்பாகிவிடும் என்று தெரிந்ததும் மற்ற உப்பின் விலைக்கே எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர்கள் அந்த அளத்து வரப்பில் மட்டும் கும்பிட்டுவிட்டு வாய் திறக்காமல் நடந்தார்கள். வரப்புத் தகராறு, தண்ணீர்த் தகராறு எதுவானாலும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன் ஒரு பிடி உப்பைக் கொளுத்திப் பார்ப்பது வழக்கமாயிற்று. மழைக்காலத்தில் பக்கத்துக் கழுவெளி ஏரியின் தண்ணீர் ஏறி அளமே முழுகிவிடும். உப்பு கரைந்து, வரப்பு கரைந்து, பாத்தி எது பாதை எது என்று தெரியாமல் ஒரே வெள்ளமாகக் கிடக்கும். தை பிறந்து, சேற்றை மிதித்துப் பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சி, வெயில் ஏறி, புது உப்பு பூத்ததும் அது பழைய பேச்சையே பேசும். எந்த இடத்தில் நின்று சொன்னதோ அந்த இடத்து உப்பு அதைச் சொல்லும். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று பெரியவர்கள் மனிதர்களுக்குச் சொல்லிவைத்தார்கள். மனிதர்கள் கேட்கவில்லை, உப்பு கேட்டுக்கொண்டது.

இந்த வீட்டுக்குத்தான் பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து மலர்கொடி மருமகளாக வந்தாள். அவள் வீட்டில் மணிலாக் கடலை பயிரிடுகிறவர்கள். திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் படித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். அந்தக் கம்பெனி ஊர்ப்பட்ட பேருடைய தகவல்களைப் பெரிய பெரிய இயந்திரங்களில் வைத்துக் காத்தது. அந்த இயந்திரங்களில் நினைவகம் இரண்டு வகை. ஒன்று, கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மற்றது, கரண்ட் போனாலும் மறக்காது. எத்தனை நாள் இருட்டில் கிடந்தாலும் விட்ட இடத்திலிருந்து சொல்லும். மலர்கொடிக்கு வேலை இந்த இரண்டாவது வகையோடுதான். மறக்காதது என்பதற்காக அது சரியாகத்தான் சொல்லும் என்று நம்பிவிடக் கூடாது, உள்ளே எங்காவது ஓர் இடம் பழுதாகியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி இருந்தது. பொத்தான், படம், கலர் எதுவும் அதற்குக் கிடையாது. கருப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால் அது நினைவகத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்து, எங்கே பழுது என்று வெள்ளை எழுத்தில் சொல்லும். பழுது என்று மட்டும்தான் சொல்லும். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அதற்கும் தெரியாது.

அவளுக்கு வாய்த்த சிலம்பரசன் முதல் வகை. பகலெல்லாம் கோபப்படுவான், சத்தியம் செய்வான், வெங்காயம் வாங்கி வருகிறேன் என்பான்; விளக்கை அணைத்துப் படுத்தால் காலையில் ஒன்றும் இருக்காது. மலர்கொடியோ கல்யாணத்தன்று பந்தியில் யார் யார் அவள் புடவையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதுவரை வரிசை மாறாமல் வைத்திருந்தாள். முதல் மாதத்திலேயே அவளுக்கு அந்த வீடு வெறுத்துவிட்டது. கதவுக் கீல் துருவேறிக் கத்தியது, துவைத்த துணி ஈரமாகவே இருந்தது, கண்ணாடியில் முகம் பார்த்தால் உப்புப் படிந்து பாதி முகம்தான் தெரிந்தது. புருஷன் அவளிடம் பேசியதெல்லாம் சோறு, தண்ணி, சார்ஜர் என்ற மூன்று விஷயங்களைப் பற்றியே. ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனால் அப்படியே சென்னைக்கு பஸ் ஏறிவிடுவது என்று யாரிடமும் சொல்லாமல் முடிவு செய்திருந்தாள். புறப்படுவதற்கு முந்தின நாள் புதுப்பெண்ணுக்குக் கண் பட்டிருக்கும் என்று பாக்கியலட்சுமி உப்பு சுற்றிப் போட்டாள். அடுப்பு வெடித்து, சிலம்பரசனின் குரலில் சொன்னது: "இவ வந்தப்புறம்தான் இந்த அளத்துல உப்பே பூத்துச்சு."

பாக்கியலட்சுமி வாயில் முந்தானையை வைத்துச் சிரித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மலர்கொடி மறுநாள் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டுப் போனாள். ஆடி முடிவதற்குள்ளேயே, சீர்வரிசைத் தட்டைக்கூட எடுக்க மறந்து, திரும்பி வந்துவிட்டாள். அந்த உப்பு வடகிழக்கே ஈசானி மூலைப் பாத்தியில் வாரியது என்று விசாரித்து, ஓர் ஊறுகாய் ஜாடி நிறைய எடுத்து மூடி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு கல்யாண நாளன்றும் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு சிட்டிகை போட்டுக் கேட்பாள். புருஷனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் மறந்துபோயிருப்பான் என்று தெரியும். அவன் மறந்தாலும் அளம் மறக்கவில்லை, அது போதும் என்று இருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தின் மேல் ஒரு குடும்பம் நடந்தது, சமையலறைக்கு டைல்ஸ் போட்டார்கள், பழைய டீசல் இன்ஜின் போய் சோலார் மோட்டார் வந்தது.

கொரோனா வந்து உலகமே வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்தபோது பழைய கம்பெனி அவளைத் தேடிக் கூப்பிட்டது. மாடி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொட்டால் சுர்ரென்று லேசாக ஷாக் அடித்ததால் எலக்ட்ரீஷியன் அந்தோணிசாமியைக் கூப்பிட்டு எர்த் போடச் சொன்னார்கள். எர்த் குழிக்கு உப்பும் கரியும் கொட்ட வேண்டும். கரியை வாங்கி வந்த அந்தோணிசாமி, உப்பை அளத்துக் குவியலிலிருந்தே ஒரு கூடை அள்ளிக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். கோடையில் குழி காய்ந்துவிடுமே என்று யோசித்து, தாமிரக் கம்பியை நீட்டி, வீட்டை ஒட்டிய ஈசானிப் பாத்தியின் ஈரத்திலேயே புதைத்துவிட்டார். "உப்பளத்த விட நல்ல எர்த்து உலகத்துலயே கெடையாதும்மா. இடியே வுழுந்தாலும் முழுங்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். உப்பளக்காரர் வீட்டில் மட்டும் நடக்கக்கூடிய தவறு இது. அப்போது யாருக்கும் தவறாகத் தெரியவில்லை.

ஒரு மாசியில் சிலம்பரசன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிடந்த மணலில் பைக்கோடு சறுக்கி விழுந்தான். முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. பாக்கியலட்சுமி மகனை வாசற்படியில் உட்காரவைத்து, சமையலறை டப்பாவிலிருந்து உப்பெடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். மலர்கொடி மஞ்சள் தண்ணீரோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். உப்பு வெடித்தது. "அவளைக் கட்டினதே தப்பு" என்றது, சிலம்பரசனின் குரலில், தெளிவாக.

"நான் சொல்லலம்மா! சத்தியமா நான் சொல்லவே இல்ல" என்று துள்ளி எழுந்தான் சிலம்பரசன்.

"உப்பு பொய் சொல்லாதேடா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்ட பாக்கியலட்சுமி, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மலர்கொடி மஞ்சள் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனாள். மறுநாளிலிருந்து அந்த வீட்டுச் சமையலில் உப்பு நின்றுபோயிற்று. வாசலில் மலை மலையாக உப்பைக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடி வைத்திருந்த வீட்டில், சாம்பாரும் ரசமும் மீன்குழம்பும் சப்பென்று இறங்கின. பாக்கியலட்சுமி மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினாள். சிலம்பரசன் நன்றாகச் சாப்பிட்டான். சண்டை நடந்தது அவனுக்கு மறந்துபோயிருந்தது. டாக்டர் சொல்லித்தான் உப்பைக் குறைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டான். அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனியிலிருந்து, சென்னைக்கே வந்து ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்கிறாயா, மாதக் கடைசிக்குள் சொல் என்று கேட்டார்கள். அவள் சரி என்று பதில் எழுதி முடித்து, அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்தாள். தொழில் புத்தி தடுத்தது. எந்த நினைவகத்தையும் சோதிக்காமல் அது சொன்னதை வைத்து அவள் முடிவெடுத்ததில்லை. குறைந்தபட்சம், சம்பளம் வாங்கும் வேலையில் எடுத்ததில்லை.

கருப்புத் திரையைத் திறந்து, இந்த இயந்திரத்தோடு சேர்ந்த நினைவகங்களையெல்லாம் காட்டு என்று கட்டளை கொடுத்தாள். கருவி இரண்டைக் காட்டியது. முதலாவது லேப்டாப்புக்குச் சொந்தமானது. இரண்டாவதற்குப் பெயர் இல்லை. கொள்ளளவு என்ற இடத்தில் நாலரை ஏக்கர் என்றும், நிலை என்ற இடத்தில் ஈரம் என்றும் போட்டிருந்தது. மலர்கொடி நாற்காலியை நகர்த்தி, சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்தாள். அதன் மூன்றாவது கம்பியான எர்த் எங்கே போய்ப் புதைந்திருக்கிறது என்பது நினைவுக்கு வந்ததும், அந்தோணிசாமி நல்ல வேலைக்காரர்தான் என்று எண்ணிக்கொண்டாள். வேறெதுவும் அவளுக்கு விசேஷமாகப் படவில்லை.

கீழே வந்து மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னாள். "உப்பு பொய் சொல்லாது அத்தை. ஆனா கெட்டுப்போவும். எங்க கெட்டிருக்குதுன்னு பாத்துடலாம்."

பாக்கியலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏய் மலரு, உங்க மாமா உள்ள இருக்காருடி. தடவறேன் தொடைக்கறேன்னு அவரையும் சேத்து அழிச்சிடாத."

"அழிக்கல அத்தை. படிக்க மட்டும்தான் போறேன்."

"படிச்சா? அவரு என்னைப் பத்தி இன்னா சொல்லியிருக்காருன்னும் தெரியுமா?"

"அது தெரியாது."

"அப்ப சரி, படி."

மறுநாள் காலை சோதனையைத் தொடங்கியதும் கருவி நின்றுவிட்டது. நினைவகம் பயன்பாட்டில் இருக்கிறது என்றது. எட்டிப் பார்த்தால், சகாயமேரியும் அவள் கூட்டாளிகளும் பாத்தியில் இறங்கிப் பலகை போட்டு உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் வரப்பில் ஏறி நிற்கச் சொல்லவேண்டியதாயிற்று. சகாயமேரி இருபது வருஷமாக அந்த அளத்தில் வேலை பார்ப்பவள், வாய்க்குப் பயப்படாதவள். "ஏம்மா, உன் பொட்டி படிக்கறதுக்கு நாங்க வெயில்ல பரிட்சை எழுதற மாதிரி நிக்கணுமா? கூலி புடிக்கமாட்டீங்கல்ல?" என்று கேட்டு, மாட்டோம் என்ற பிறகு முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "எங்க வூட்டுக்காரரு நினைப்பையும் ஒரு தரம் இதுல போட்டுப் பாரேன். சாராயக்கடைய தாண்டி ஒண்ணுமே இருக்காது" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். கருவி நாலரை ஏக்கரையும் தடவியது. கொக்கு ஒன்று வந்து பாத்தியில் நின்றபோதெல்லாம் மறுபடி நின்றது. அதை விரட்டச் சிலம்பரசன் துண்டைச் சுழற்றிக்கொண்டு வெயிலில் ஓடினான். எதற்கு ஓடுகிறோம் என்பது அவனுக்கு நடுநடுவே மறந்தது, ஆனாலும் ஓடினான்.

பொழுது சாய்கிற நேரத்தில் முடிவு வந்தது. அளம் முழுவதிலும் பழுது ஒரே ஓர் இடத்தில், ஈசானிப் பாத்தியில், மதகிலிருந்து நாலெட்டில்.

ஒரு பழுது கிடைத்தது என்ற செய்தி மாடிப்படியில் இறங்குவதற்குள் வீடு கொண்டாட ஆரம்பித்துவிட்டது. சிலம்பரசன் அம்மாவைத் தூக்கிச் சுற்றினான். பாக்கியலட்சுமி கேசரி கிளறி, "எம்புள்ள மேல பழி நீங்கிடுச்சு, உப்புதான் கெட்டுப்போயிருக்குது" என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள். தங்கள் சொந்த உப்பு கெட்டுப்போனதற்காக உப்பளக்காரர்கள் இனிப்பு வழங்கியது மரக்காணத்தில் அதுவே முதல் தடவை. மலர்கொடிக்கும் நெஞ்சுக்குள் ஏதோ இளகிற்று. ஆனாலும் முறைப்படி, மதகிலிருந்து நாலெட்டு வைத்து, அந்த இடத்து உப்பில் ஒரு பிடி எடுத்து வந்தாள். கேசரிக் கிண்ணங்களோடு எல்லோரும் அடுப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். உப்பு வெடித்தது.

"இவ வந்தப்புறம்தான் இந்த அளத்துல உப்பே பூத்துச்சு."

"அட! நான் இவ்ளோ நல்லா பேசுவனா?" என்றான் சிலம்பரசன், மெய்யாகவே வியந்து.

மலர்கொடியின் முகம் வெளிறியதை முதலில் பார்த்தவள் பாக்கியலட்சுமிதான். கணக்கு அவளுக்கும் மெல்லப் புரிந்தது. பழுது இந்த ஒன்றுதான் என்றால், மற்றதெல்லாம் சரி. மற்றதெல்லாம் சரி என்றால் 'அவளைக் கட்டினதே தப்பு' என்றதும் சரி. கெட்டது உண்மை, நல்லதுதான் பிழை. கிண்டிய கேசரியைத் திரும்ப வாங்கவும் முடியாது.

மலர்கொடி அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஊறுகாய் ஜாடியை எடுத்து வந்து நடுக்கூடத்தில் வைத்தாள். இத்தனை வருஷம் இதைக் கேட்டுக்கொண்டுதான் இந்த வீட்டில் இருந்தேன் என்று சொன்னாள். புருஷனைப் பார்த்து, "இதை நீங்க சொன்னீங்களா இல்லையா?" என்று கேட்டாள்.

சிலம்பரசன் தலையைச் சொறிந்தான். "நினைப்பு வரல மலரு. சொல்லியிருந்தா நல்லாதான் இருந்திருக்கும்."

வாசலில் கேசரி தின்றுகொண்டிருந்த சகாயமேரி, கேட்காமலே பதில் சொன்னாள். "மதகாண்ட நின்னாருன்னா இவரு ஒண்ணேதான் சொல்லுவாரு. 'ஈரமா இருக்குது, நாளைக்கி வாருங்க'. தெனமும் அதேதான். நாங்க எங்க நாளைக்கி வரைக்கும் நிக்கறது, அன்னிக்கேதான் வாருவோம்."

அந்த ஈரத்தைப் பற்றிய பேச்சு எப்படி அப்படியொரு பேச்சாக மாறியது என்பதற்கு இன்றுவரை இரண்டு அபிப்பிராயம் உண்டு. மழைக்காலத்துத் தண்ணீரில் வேறு யாருடைய பேச்சோ கரைந்து வந்து கலந்திருக்கலாம் என்பார் அந்தோணிசாமி. கரண்டுக்கும் அப்படிக் கசிந்து கலக்கும் குணம் உண்டு என்பது அவர் வாதம். புதுமருமகள் போய்விடப் போகிறாள் என்று தெரிந்து உப்பே கைக்காசு போட்டதுபோல் ஒன்றைச் சொல்லிவிட்டது என்பாள் பாக்கியலட்சுமி. கருவிக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை.

"சரி, இன்னொண்ணு?" என்றாள் மலர்கொடி. "அது பழுதில்ல. அதையாவது நினைப்பு இருக்குதா?"

அவன் கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். பொய் சொல்லியிருக்கலாம், பொய்யையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமே என்ற பயத்தில் அவன் எப்போதும் உண்மைதான் பேசுவான். "நீ அந்த டீசல் இன்ஜினைப் பழைய இரும்புக்காரன்கிட்ட தூக்கிக் குடுத்தல்ல, என்னைக் கேக்காம? அன்னிக்கி அது இருந்த எடத்துல போய் நின்னேன். எங்கப்பா வாங்கினது அது. அன்னிக்கி சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பீங்களா, சொன்னீங்களா?"

"சொன்னேன். சாயந்தரம் நீ நெத்திலி வறுத்திருந்த. மறந்துட்டேன்."

மலர்கொடி ஜாடியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். பின்னாலேயே படியேறி வந்த பாக்கியலட்சுமி, மூச்சு வாங்க நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அன்னிக்கி நல்லது சொன்னப்ப இந்த மெஷின வெச்சிப் பாத்தியாடி? கெட்டது சொன்னாதான் பாப்பியா? இன்ஜினு வித்ததும் தப்புதான், அவன் பேசினதும் தப்புதான். அதுக்கு எதுக்கு எனக்கு உப்பில்லாத கொழம்பு?"

மலர்கொடி ஜாடியை மேசைமேல் வைத்து லேப்டாப்பின் பக்கம் திரும்பினாள். 

திரையில் கருவி ஒரு கேள்வியோடு காத்திருந்தது: பழுதான இடத்தைத் துடைத்துவிடலாமா? ஆம் என்று ஓரெழுத்தைத் தட்டினால் போதும். மதகிலிருந்து நாலெட்டில் அதன்பிறகு உப்பு சும்மா வெடிக்கும், எல்லா ஊர் உப்பையும்போல. சென்னைக்குப் போகிறவள் தட்டிவிட்டுப் போயிருப்பாள். தட்டாமல் விட்டால் வருஷா வருஷம் அந்தப் பிழை பூக்கும், பிழை என்று தெரிந்தே கேட்கவேண்டியிருக்கும். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, அதை அவள் வேலையில் பலமுறை செய்திருக்கிறாள். பழுதான இடத்தின்மேல் புதிதாக எதையாவது எழுதினால் பழுது தானாகப் போய்விடும். எழுதியது நிற்கும்.

மறுநாள் மாலை, உப்பு வாரி முடிந்த நேரத்தில், அவள் புருஷனை மதகிலிருந்து நாலெட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். "இந்த இடத்துல நின்னு எதையாவது சொல்லுங்க. உள்ளதைச் சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் போறதா இருக்கறதான்னு பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வரப்பில் ஏறி நின்றாள்.

"இன்னாத்த சொல்றது?"

"அதையும் நானே சொன்னா, அப்புறம் நீங்க எதுக்கு?"

சிலம்பரசன் நின்றான். கணுக்கால் வரை உப்புத் தண்ணீர். எதைச் சொன்னாலும் அது தன் பேரன் காலத்திலும் வெடிக்கும் என்று நினைக்க நினைக்க அவனுக்கு நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. காதலாக ஒன்றைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் சினிமாப் பாட்டுதான் வந்தது. மன்னிப்புக் கேட்கலாமென்றால் எதற்கென்பது பாதியில் நழுவியது. செய்தி பரவி, அளத்து ஆட்களும் டீக்கடை ஆட்களும் வரப்பில் வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள். "டேய் சிலம்பு, சட்டுனு சொல்லித் தொலைடா, கொசு புடுங்குது" என்றான் ஒருவன். "'ஈரமா இருக்குது'ன்னாவது சொல்லுங்க" என்றாள் சகாயமேரி. "ஏம்பா, அர்ச்சுனன் பையன் வாயத் தொறக்கறதுக்குள்ள உப்பே பூத்துடும்போலக்கீது" என்றார் அந்தோணிசாமி. சூரியன் கழுவெளிப் பக்கம் இறங்கியது. மலர்கொடி காத்திருந்தாள். அவளுக்குக் கால் மாற்றி நிற்கவேண்டியிருந்தது. உப்பு வரப்பில் வெறுங்காலோடு நிற்பது அவ்வளவு சுலபமில்லை.

சிலம்பரசன் தோற்றுப்போனான். முடியவில்லை, அவள் போகட்டும் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த கண்ணில் அவள் பாதங்கள் பட்டன. "ஏய், வெறுங்காலோட எதுக்கு நிக்கற?" என்று அதட்டினான். "செருப்பு போட்டுக்கினு நிக்கக் கூடாது? கால் வெடிச்சிடும், அப்புறம் ராவெல்லாம் எரியுது எரியுதுன்னுவ!"

அதட்டி முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். வரப்பில் நின்றவர்கள் ஐயோ என்றார்கள். இத்தனை நேரம் நின்று, இதையா எழுதினான் என்று சகாயமேரி தலையில் அடித்துக்கொண்டாள். மலர்கொடி வீட்டுக்கு நடந்தாள். போகும்போது வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறியதைப் பாக்கியலட்சுமி பார்த்தாள். வீட்டுக்குள் செருப்போடு நடக்காதே என்று சொல்ல வாயெடுத்தவள், நல்லவேளையாக அதை விழுங்கிவிட்டாள்.

சோதனையை அவள் மறுபடி ஓட்டினாள். கொக்கு வரவில்லை. அளம் முழுவதிலும் பழுது எதுவும் இல்லை என்று கருவி சொன்னது. கம்பெனிக்கு வேறொரு பதில் எழுதினாள். தன் பொறுப்பில் இங்கே நாலரை ஏக்கருக்கு ஒரு நினைவகம் இருக்கிறது, அதைப் பெயர்த்துச் சென்னைக்குக் கொண்டுவர முடியாது, ஆகவே மன்னிக்கவும் என்று. இரண்டு நாள் யோசித்த கம்பெனி, அதை வருஷத்துக்கு ஒருமுறையாவது சோதிக்கிறீர்களா என்று மட்டும் கேட்டது. சோதிப்பதாக அவள் எழுதியதும் தங்கள் சொத்துக் கணக்கில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டது. நிலை என்ற இடத்தில் அவர்களும் ஈரம் என்றே போட்டிருக்கிறார்கள். அன்று ராத்திரி குழம்பில் உப்பு இருந்தது. சிலம்பரசன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, டாக்டர் சம்மதித்துவிட்டாரா என்று கேட்டான்.

அந்தக் கோடையில் ஈசானிப் பாத்தி உப்பு அரைக்காத கல்லுப்பாகவே புதுச்சேரிப் பக்கம் போயிற்று. அங்கே கண்ணேறு கழித்த பெண்கள் சிலருக்கு, அடுப்பிலிருந்து முன்பின் தெரியாத ஓர் ஆம்பளைக் குரல் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொல்லி அதட்டியதாகச் சொல்கிறார்கள். பெரும்பாலானவர்கள் போட்டுக்கொண்டார்கள்.

மலர்கொடி ஒவ்வொரு தையிலும் முதல் உப்பு பூத்ததும் கட்டளையைத் தட்டுகிறாள். இதுவரை பழுதில்லை. அடுப்பில் போட்டால் மாமனார் டீ கேட்கிறார். பாக்கியலட்சுமி வருது, வருது என்கிறாள். ஒரு வெடிப்பில் சிலம்பரசனின் குரல், "அவளைக் கட்டினதே தப்பு" என்கிறது. இரண்டு வெடிப்பு தள்ளி அதே குரல், "கால் வெடிச்சிடும்" என்கிறது. இரண்டையும் கேட்டபடி மலர்கொடி குழம்பைக் கிளறுகிறாள். "ரெண்டும் சரியாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, அந்த உப்பிலேயே ஒரு கை எடுத்துக் குழம்பில் போடுகிறாள்.